விலை கூடிய பாட்டுச் செட் உண்மையில் நன்றாகக் கேட்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் ஒலிக்கருவிகள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்து வந்தாலும், கருவியைக் கையில் தந்துவிட்டு ஆட்கள் கேட்கும் சந்தேகங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. பல வீடுகளில் வளைகுடா வெயிலில் நின்று உழைத்த காசுதான் இதற்குள் போகிறது. அந்தக் காசு காதுக்குக் கேட்கும் இடத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே கேட்டவர்களின் சொற்களிலேயே இவற்றைத் தொகுத்தேன்.

அண்ணன், விலை கூடினால் ஒலியும் கூடுமா, இல்லை எல்லாம் பெயருக்குத்தானா?

ஒரு கட்டம் வரை கூடும். அதற்குப் பிறகு கூடாது. அந்தக் கட்டம் கருவிக்குக் கருவி வேறு. ஸ்பீக்கரில் அது வெகு தொலைவில் இருக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட பெரிய ஸ்பீக்கருக்கும் மலிவான சிறிய பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை, இசையில் பழக்கமே இல்லாதவரும் சொல்லிவிடுவார். அம்ப்ளிஃபயரில் அந்தக் கட்டம் சீக்கிரமே வந்துவிடும். வயரில் அதைவிடச் சீக்கிரம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விலை என்பது ஒலியின் அளவு அல்ல. இறக்குமதி வரி, கடைக்காரரின் இலாபம், பெட்டியின் மேல் ஒட்டிய மரத்தோல், பெயர் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது அதே ஸ்பீக்கர் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்குப் போனது. ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை.

ஸ்பீக்கருக்கு ஏன் அவ்வளவு காசு? ஒரு பெட்டியும் இரண்டு கோனும்தானே?

தாழ்ந்த ஒலிதான், அதாவது பேஸ்தான், செலவை ஏற்றுகிறது. ஹெட்ஸ் (Hz) என்பது ஒலி ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கை. ஒரே சத்தத்தை 80 ஹெட்ஸிலிருந்து 40 ஹெட்ஸுக்கு இறக்க வேண்டுமானால் கோன், அதாவது முன்னும் பின்னும் அதிரும் கூம்பு, நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கோன், நீளமாக ஓடும் சுருள், கனமான காந்தம், அதிராத பெட்டி எல்லாம் வேண்டும். நான்கு அங்குலக் கோன் இதைச் செய்யும் என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள்.

மலிவான பெட்டியைத் திறந்தால், உயர்ந்த ஒலி தரும் சிறிய கோனான ட்வீட்டரின் வயரில் ஒற்றைக் கண்டென்சர் மட்டும் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய கோனுக்கு வடிகட்டி எதுவும் இருக்காது. தனக்கு ஒவ்வாத உயர்ந்த ஒலிகளையும் அது கத்தித் தீர்க்கும். நல்ல பெட்டியில் உள்ளங்கை அளவுப் பலகையில் சுருள்களும் கண்டென்சர்களும் வரிசையாக அமர்ந்து, எந்த ஒலி எந்தக் கோனுக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும். விரல் மடக்கிப் பெட்டியின் பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். மலிவானது முழங்கும், நல்லது மொத்தையாக ஒரு சத்தம் கொடுத்து நின்றுவிடும்.

நல்ல ஒலி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? ஆளுக்கு ஆள் இரசனை வேறுதானே?

இரசனை வேறாகலாம். ஆனாலும் எந்தக் கருவி பாடுகிறது என்று தெரியாமல் கேட்கும்போது மனிதர்கள் பெருமளவு ஒத்துப்போகிறார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் ஃபுளோய்ட் டூல் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வுகளும், பிறகு ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் அவரும் ஷோன் ஒலிவும் செய்தவையும் இதையே காட்டின. தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எந்த ஒலியையும் கூட்டாமல் குறைக்காமல் தருகிற, நேர் முன்னால் மட்டுமன்றிப் பக்கங்களுக்கும் அதே சமநிலையில் அனுப்புகிற ஸ்பீக்கரையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள்.

நமக்குச் சொந்தமாகவும் ஓர் அளவுகோல் இருக்கிறது. வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரியில் மத்தளத்தையும் சல்லரி என்ற கைத்தாளத்தையும் நேரில் கேட்டவர்கள் நம்மிடையே ஏராளம். ஒலிவாங்கி இல்லாமல் கேட்ட அந்த ஒலி நினைவில் இருந்தால், தெளிவான கூத்துப் பதிவு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். மத்தள அடி விழுந்ததும் நிற்க வேண்டும். இழுபட்டு அடுத்த அடியை மூடினால் அந்த ஸ்பீக்கரை விடுங்கள். சல்லரி கூர்மையாக எழுந்து மெல்லத் தேய வேண்டும். வெறும் இரைச்சலாகச் சிதறக் கூடாது. கூத்தைப் பழக்கிப் பாடும் அண்ணாவியாரின் குரலில் எழுத்துக்கள் புரிய வேண்டும். கடைக்காரர் போடும் விளம்பரப் பாட்டில் இவை எதுவும் தெரியாது.

பெட்டியில் 5,000 வாட் என்று போட்டிருக்கிறது. என் நண்பனுடைய விலை கூடிய அம்ப்ளிஃபயர் 60 வாட்தான். இது எப்படி?

உங்கள் பெட்டியில் இருப்பது பி.எம்.பி.ஓ என்ற எண். அதை அளப்பதற்குப் பொதுவான முறையே கிடையாது. தயாரிப்பாளர் விரும்பியதைப் போடலாம். கருவியைத் திருப்பிப் பின்பக்க ஒட்டியைப் பாருங்கள். ‘230 வோல்ட், 50 ஹெட்ஸ், 45 வாட்’ என்று இருந்தால், சுவரிலிருந்து அது எடுப்பதே 45 வாட்தான். எடுத்ததைவிடக் கூடுதலாக எந்தக் கருவியாலும் தொடர்ந்து கொடுக்க முடியாது. அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ஒப்பிடுவதென்றால் ஆர்.எம்.எஸ் வாட்டை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தியை, எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை) என்ற விவரத்தோடு ஒப்பிடுங்கள்.

அப்படியென்றால் எனக்கு எத்தனை வாட் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றரில் 86 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) தரும் சாதாரண ஸ்பீக்கர் ஜோடியை எடுத்துக்கொள்வோம். 3 மீற்றர் தள்ளி அமர்ந்து 75 டெசிபெல்லில், அதாவது வீட்டில் நல்ல சத்தமாகவே கேட்க, சராசரியாக அரை வாட் போதும். மத்தள அடி போன்ற உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே போகலாம். அது 100 மடங்கு சக்தி. ஆகவே 50 வாட் வரை கையில் இருந்தால் நல்லது.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் ஏறும். சத்தம் இரண்டு மடங்கானது போலத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 மடங்கு வாட் தேவை. எனவே 50 வாட்டிலிருந்து 70 வாட்டுக்குப் போகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை.

கொழும்புக் கடையில் அருமையாகக் கேட்ட ஸ்பீக்கர் என் வீட்டில் இரைகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் கடையில் தரைவிரிப்பும் திரைச்சீலையும் இருந்திருக்கும். நம் புதிய வீடுகளில் சீமெந்துச் சுவர், மாபிள் தரை, கண்ணாடி யன்னல், நாலு பிளாஸ்டிக் கதிரை. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். தட்டிய பிறகும் சுவருக்குச் சுவர் ‘டிர்ர்’ என்று ஓடினால், பாட்டிலுள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் அதுவே நடக்கிறது. கனமான திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, புத்தகம் நிறைந்த அலுமாரி, தடித்த விரிப்பு எல்லாம் இதைக் குறைக்கும். பன்பாய் ஒன்றை விரித்தால் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது, அது மெல்லியது.

தாழ்ந்த ஒலியின் சிக்கல் வேறு. அறையின் நீளம் 4 மீற்றர் என்றால், 43 ஹெட்ஸுக்கு அருகில் ஒலி சுவர்களுக்கிடையில் நின்று குவியும். அகலமும் அதே 4 மீற்றராக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து மோசமாகும். சதுர அறையில் செட் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பாட்டை ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள்: ஓரிடத்தில் பேஸ் வயிற்றில் இடிக்கும், இரண்டடி தள்ளினால் காணாமற் போகும். கருவி அதேதான். ஓட்டுக் கூரையும் திறந்த விறாந்தையும் உள்ள பழைய வீடுகளில் இந்தப் பொருமல் குறைவு. தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடும்.

மூலையில் வைத்தால் பேஸ் கூடுகிறதே. அது நல்லதுதானே?

கூடும், ஆனால் மேலே சொன்ன குவிதலும் சேர்ந்து கூடும். சிறிய பெட்டியைச் சுவருக்கு அருகில் வைப்பது உதவலாம். பெரிய பெட்டியை மூலையில் வைத்தால் குரல் அமுங்கிப்போகும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக அமையுங்கள், ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வரட்டும், பிறகு பெட்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இதனால் வரும் மாற்றம் அம்ப்ளிஃபயரை மாற்றுவதைவிடப் பெரியது.

ஐந்து இலட்சம் ரூபா அம்ப்ளிஃபயர் சாதாரண அம்ப்ளிஃபயரைவிட நன்றாகப் பாடாதா?

இரண்டும் பழுதில்லாமல், தம் சக்திக்குள் இயங்கி, ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டால், மறைத்துவைத்த சோதனையில் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். அமெரிக்காவில் ரிச்சர்ட் கிளார்க் என்பவர், ஒலிச் சமநிலையும் சத்தமும் ஒன்றாக்கப்பட்ட இரண்டு அம்ப்ளிஃபயர்களைக் காதால் மட்டும் பிரித்துக் காட்டுபவருக்கு 10,000 டொலர் தருவதாகப் பல ஆண்டுகள் அறிவித்திருந்தார். பலர் முயன்றார்கள். பரிசு கைமாறவில்லை.

விலைக்கு வேறு காரணங்கள் உண்டு. கனமான டிரான்ஸ்போமர், 4 ஓமுக்குக் கீழே இறங்கும் கடினமான ஸ்பீக்கரையும் தாங்கும் சக்தி, இரைச்சலின்மை, 20 வருடம் உழைக்கும் பாகங்கள். இவை தேவைப்படுவோர் கொடுக்கலாம். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வ் அம்ப்ளிஃபயர் வேறு கதை. அது ஒலியோடு தன் பங்குக்குச் சிறிது திரிபைச் சேர்க்கிறது. அது காதுக்கு இதமாகவும் இருக்கலாம். விரும்பி வாங்குங்கள், ஆனால் அதைத் துல்லியம் என்று எண்ணி வாங்காதீர்கள்.

ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் 40,000 ரூபா கேட்கிறார்கள். வாங்கட்டுமா?

வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில், 5 மீற்றர் தூரத்துக்குப் போய்த் திரும்பும் தடை ஏறத்தாழ 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறையும் சத்தம் ஒரு டெசிபெல்லில் எட்டில் ஒரு பங்கு. காதுக்குத் தெரியாது. தூரம் 10 மீற்றர் என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் எடுங்கள்.

கவனிக்க வேண்டியது கம்பி உண்மையில் செம்புதானா என்பதை. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடையும் கூட, கடற்காற்றில் இணைப்பும் சீக்கிரம் கெடும். எச்.டி.எம்.ஐ போன்ற டிஜிட்டல் வயர்களுக்கு இன்னும் எளிய பதில்: சரியாக வேலை செய்தால் ஒலியும் சரி. கெட்டால் அறுபட்டு அறுபட்டுக் கேட்கும். ‘கொஞ்சம் மங்கலாக’ என்று ஒன்று இல்லை.

மின்சார வயரை மாற்றினால் ஒலி தெளியும் என்கிறார்களே?

நுரைச்சோலையிலிருந்தும் மலையக நீர்மின் நிலையங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அலுமினியக் கம்பியில் வந்து சேரும் மின்சாரம் அது. கடைசி ஒன்றரை மீற்றரை மாற்றி அதைத் தெளிய வைக்க முடியாது. அந்தக் காசில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது துண்டிக்கும் காப்புக்கருவி ஒன்றை வாங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அன்ரெனா வயரையும் சேர்த்துத்தான். மின்னல் அந்த வழியாக வந்து எரித்த அம்ப்ளிஃபயர்கள் என் மேசைக்கு ஒவ்வொரு பருவத்திலும் வருகின்றன.

தொலைக்காட்சியை இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் அது பெரும்பாலும் நிலத்தொடுப்புக் கோளாறு. எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்ப் புள்ளியிலிருந்து எடுத்துப் பாருங்கள். பிளக்கின் நில முனையை வெட்டி இரைச்சலை நிறுத்துவது உயிராபத்து.

24 பிட் பாட்டு வாங்கினால் சீ.டி.யைவிட நன்றாக இருக்குமா?

சீ.டி. 1982இல் வந்தது, ஒரு செக்கனுக்கு ஒலியை அளந்து எடுத்த 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றையும் எழுதும் நுணுக்கம் 16 பிட். மனிதக் காது கேட்கும் 20,000 ஹெட்ஸ் எல்லை முழுவதும் அதற்குள் அடங்கும். 2007இல் மேயர், மொரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதையே சீ.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் கிடைக்கும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபெல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். மின்விசிறி சுழலும் அறையில் இரைச்சலே 40 முதல் 50 டெசிபெல் வரை இருக்கும். அதற்கு மிகக் கீழே உள்ள நுண்ணொலி உங்கள் காதுக்கு வராது. 24 பிட்டுக்குப் பணம் கொடுப்பதைவிட, சத்தம் குறைந்த மின்விசிறிக்குக் கொடுப்பது இசைக்கு நல்லது. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

மகன், நான் கேட்பது இலங்கை வானொலிக் காலத்துப் பாட்டுகள்தான். எனக்குப் பெரிய செட் தேவையா?

தேவையில்லை. அந்தக் காலத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் பதிவிலேயே குறைவு. உங்களுக்கு வேண்டியது குரலை ஒழுங்காகத் தரும் நடுத்தர ஸ்பீக்கர். பதிவைத் தேடுவதில் கவனம் வையுங்கள்: ஒரே பாட்டு ஓரிடத்தில் தெளிவாகவும் இன்னோரிடத்தில் பல முறை படியெடுத்து நசுங்கியும் கிடைக்கிறது. 50 வயதைக் கடந்த பலருக்கு 14,000 ஹெட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. அதனால் பாட்டின் இன்பம் ஒன்றும் குறைவதில்லை. அந்த எல்லைக்கு மேல் இசையில் இருப்பதே கொஞ்சம்தான்.

புளூடூத்தில் கேட்டால் தரம் போய்விடுமா?

மிகச் சிறிதளவு போகலாம். நல்ல ஸ்பீக்கரில் புளூடூத் மூலம் கேட்பது, மோசமான ஸ்பீக்கரில் வயர் மூலம் கேட்பதைவிட எவ்வளவோ மேல்.

நூறு மணி நேரம் ஓடினால்தான் ஒலி திறக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

புதிய கோனின் விளிம்பு சற்றுத் தளரும். அது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பழகுவது உங்கள் காது. முதல் நாளில் பிடிக்காத ஸ்பீக்கரைக் காத்திருந்து பார்க்கச் சொன்னால், திருப்பிக் கொடுக்கும் தவணை என்றைக்கு முடிகிறது என்று பற்றுச்சீட்டில் பாருங்கள்.

நான் வித்தியாசத்தைக் கேட்கிறேன், சேர். இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?

நீங்கள் பொய் சொல்லவில்லை. காது கண்ணோடு சேர்ந்துதான் கேட்கிறது. முன்பு சொன்ன டூலும் ஒலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களை ஒருமுறை பார்த்தபடியும் ஒருமுறை மறைத்தும் கேட்க வைத்தார்கள். பார்த்தபோது பெரியதற்கும் விலை கூடியதற்கும் புள்ளி ஏறியது. மறைத்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. கேட்டவர்கள் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். 100 ஹெட்ஸ் ஒற்றை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ற்றிமீற்றரை வைத்து, இரண்டு அம்ப்ளிஃபயரும் ஒரே வோல்ட் காட்டும்படி சத்தத்தைச் சரிசெய்யுங்கள். இதைத் தவிர்த்தால் சோதனையே வீண்: சற்றுக் கூடிய சத்தம் காதுக்கு ‘நல்ல ஒலி’ என்றே படும். பிறகு தம்பியோ தங்கையோ நாணயம் சுண்டி, உங்களுக்குத் தெரியாமல் மாற்றட்டும். 10 முறை எழுதிவையுங்கள். ஊகித்தே 9 அல்லது 10 சரியாக வர வாய்ப்பு ஏறத்தாழ 100இல் ஒன்று. அப்படி வந்தால் உங்கள் காது கண்டுபிடித்துவிட்டது, நான் ஏற்றுக்கொள்கிறேன். 6 சரி என்றால் அது ஊகம்.

கடற்கரைப் பக்கம் வீடு. விலை கூடியது வாங்கினால் கூடுதலாக உழைக்குமா?

உப்புக்காற்று விலை பார்ப்பதில்லை. நாவலடி, கல்முனைப் பக்கத்துப் பெட்டிகளைத் திறந்தால் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கும். கோனின் விளிம்பு ஃபோம் என்றால் விரல் பட்டதும் பொடியாக உதிரும். றப்பர் விளிம்பு நீண்ட காலம் இருக்கும். வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள். மரத்தூள் பலகைப் பெட்டியை மாரியில் தரையோடு வைக்க வேண்டாம். வெள்ளம் ஓரங்குலம் வந்தாலும் அடிப்பலகை ஊதிவிடும்.

மொத்தம் 2 இலட்சம் ரூபா இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

ஸ்பீக்கர் ஜோடிக்கு 1 இலட்சத்து 20,000. பழுதில்லாத, பாவித்த அம்ப்ளிஃபயருக்கு 45,000. திரைச்சீலை, விரிப்புக்கு 25,000. மீதி காப்புக்கருவிக்கும் சாதாரணச் செப்பு வயருக்கும். பாட்டு ஓடவிட உங்கள் தொலைபேசியே போதும். படம் பார்ப்பதே முக்கியம் என்றாலும், ஒரே விலையில் ஐந்து சிறு பெட்டிகளைவிட இரண்டு நல்ல பெட்டிகளையே நான் எடுப்பேன்.

ஏற்கெனவே பெரிய விலைக்கு வாங்கிவிட்டேன். விற்றுவிடட்டுமா?

வேண்டாம். பாவித்ததை விற்றால் பாதி விலையும் தேறாது, கருவியோ நல்லது. இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை மூலையிலிருந்து எடுத்து முன்னே கொண்டுவாருங்கள். வயர் முனைகளைக் கழற்றி, பச்சை படர்ந்த பகுதியை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்குங்கள். இரண்டு பக்கமும் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மாறியிருந்தால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் அலையும். திருத்த வரும் விலை கூடிய செட்டுகள் சிலவற்றில் பழுது இதுதான்.